ஆறாவதாக வந்த பெண்ணிடம் என்ன சொல்வது? கல்லூரிப் பெண்கள் கோல்ஃப் கோச் வேலை பற்றி

டெக்சாஸில் இருக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "என் மகள் இங்கே ஒரு கல்லூரி அணியில் கோல்ஃப் ஆடுகிறாள், மூன்றாம் ஆண்டு. எல்.பி.ஜி.ஏ. என்ற பெண்கள் தொழில்முறை கோல்ஃப் அளவுக்கு வர மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். படிப்பு முடிந்ததும் கல்லூரிப் பெண்கள் அணிக்குக் கோச் ஆகப் போகிறேன் என்கிறாள். இது சோறு போடுமா? எப்படி நுழைவது? கடைசிவரை செய்யக்கூடிய வேலைதானா?"

சோறு போடும், கடைசிவரையும் செய்யலாம். இந்த வேலையில் முப்பது, நாற்பது வருடம் இருந்தவர்கள் பலர். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் மகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி கோச்சின் முதன்மையான வேலை ஸ்விங் சொல்லிக்கொடுப்பது அல்ல. முதல் டிவிஷன், அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்ட, அணிக்கு வரும் பெண்களில் பெரும்பாலோருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே சொந்த ஸ்விங் ஆசிரியர் இருக்கிறார். கல்லூரிக்கு வந்த பிறகும் வீடியோ எடுத்து அவருக்குத்தான் அனுப்புவார்கள். நல்ல கோச் அதில் கை வைக்க மாட்டார், வைத்தாலும் அந்த ஆசிரியரிடம் பேசிவிட்டுத்தான் வைப்பார். ஸ்விங் கற்றுக்கொடுப்பதில்தான் உங்கள் மகளுக்கு ஆசை என்றால், எல்.பி.ஜி.ஏ.வின் ஆசிரியர் சான்றிதழ் வாங்கி ஒரு கிளப்பில் சேர்வது அவளுக்கு நல்லது. வருமானமும் அங்கே மோசமில்லை.

கல்லூரி கோச்சின் வேலை வேறு. போட்டியில் ஒரு அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் அவர்களில் சிறந்த நான்கு ஸ்கோர்தான் (கோல்ஃபில் அடிகள் குறைந்தால்தான் நல்ல ஸ்கோர்) அணியின் கணக்கில் சேரும், ஐந்தாவது கழிந்துவிடும். அணியில் இருப்பதோ எட்டு, ஒன்பது பேர். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் யார் போவது என்று தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான அணிகளில் உள்ளுக்குள் தகுதிச்சுற்று வைத்து மூன்று, நான்கு இடங்களை நிரப்பிவிட்டு, மிச்சத்தைக் கோச் தன் விருப்பப்படி தேர்வு செய்வார். ஐந்தாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ‘பட்’, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியாக இருக்கலாம். ஆறாவதாக வந்தவளைக் கூப்பிட்டு "இந்த வாரம் நீ வரவில்லை" என்று சொல்ல வேண்டும். அவள் பள்ளியில் மாநில சாம்பியனாக இருந்திருப்பாள், வாழ்க்கையில் எந்த அணியிலும் வெளியே உட்கார்ந்திருக்க மாட்டாள். அவளிடம் காரணத்தை நேர்மையாகச் சொல்லி, திங்கட்கிழமை அவள் மறுபடியும் முழு மனதோடு பயிற்சி ரேஞ்சுக்கு வரும்படி வைத்திருக்க வேண்டும். என் கணக்கில் இந்த ஒரு உரையாடலைச் செய்யத் தெரிந்தவர்தான் கோச். மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏப்ரல் மாதத்தில் அதே ஆறாவது பெண்தான் தேவைப்படுவாள். யாருக்காவது மணிக்கட்டு வலிக்கும், யாருக்காவது காய்ச்சல் வரும். செப்டம்பரில் அவளை எப்படி நடத்தினீர்கள் என்பது அப்போது ஸ்கோர் கார்டில் தெரியும்.

போட்டி நாளில் கோச் என்ன செய்கிறார் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் புரியும். கல்லூரிப் போட்டிகள் வழக்கமாக 54 ஹோல், அதாவது 18 ஹோல் கொண்ட மூன்று ரவுண்ட். பல இடங்களில் முதல் நாளே 36 ஹோல் ஆடி முடித்துவிடுவார்கள், காலை இருட்டில் கிளம்பி மாலை இருட்டில் திரும்பும் நாள் அது. தொழில்முறை கோல்ஃபில் ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரருக்கு யோசனை சொல்ல, பை சுமக்கும் கேடிக்கு மட்டுமே அனுமதி. கல்லூரியில் கேடி இல்லை, ஆனால் கோச் கூடவே நடந்து பேசலாம். நான் தன்னார்வலராக ஸ்கோர் எழுத நின்ற போட்டி ஒன்றில், காற்று குறுக்கே அடிக்கும் ஒரு பார்-3 ஹோலின் (மூன்று அடியில் முடிக்க வேண்டியது) தொடக்க இடத்தில் ஒரு கோச் நாள் முழுக்க நின்றார். அவருடைய ஆட்டக்காரி ஒருத்தி முந்தைய இரண்டு ஹோலில் மூன்று ஸ்ட்ரோக் விட்டுவிட்டு முகம் சிவந்து வந்தாள். போன ஹோலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்றார். பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். அவள் பாதியைத் தின்று முடிக்கும்வரை மரங்களின் உச்சியைக் காட்டிக் காற்றைப் பற்றி மட்டும் பேசினார். அவள் எட்டாம் அயர்ன் மட்டையை எடுத்தபோது, "ஏழு. கிரீனுக்கு நடுவில். கொடியைப் பார்க்காதே" என்றார். பந்து கொடியிலிருந்து தூரத்தில்தான் விழுந்தது. இரண்டு பட், ஒரு பார். அவள் கிரீனை விட்டு இறங்குவதற்குள் கோச் அடுத்த குழுவைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அந்தப் பார் எந்தச் செய்தியிலும் வராது. ஆனால் நான்கு ஸ்கோர் எண்ணும் ஆட்டத்தில் 82-ல் முடிந்திருக்க வேண்டிய ரவுண்டை 77-ல் நிறுத்துவது, முதல் இடத்து ஆட்டக்காரி 72-க்குப் பதில் 67 அடிப்பதற்குச் சமமான லாபம். அனுபவமுள்ள கோச்சுகள் தங்கள் நட்சத்திரத்தின் பின்னால் நடப்பதில்லை. அன்று தடுமாறும் நான்காவது, ஐந்தாவது பெண்ணோடுதான் நடப்பார்கள். எந்த அணியில் எந்தக் கோச் யாரோடு நடக்கிறார் என்று பார்த்தாலே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இந்த வேலை ஒரு வாழ்க்கைத் தொழிலாக ஆனதே பிந்திய காலத்தில்தான். 1941-ல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி ஆசிரியை கிளாடிஸ் பால்மர் பெண்களுக்கான முதல் தேசியக் கல்லூரி கோல்ஃப் போட்டியை நடத்தினார். பெண்கள் கல்லூரிகளுக்கிடையே போட்டி போடக்கூடாது என்பது அன்றைய பெண் உடற்கல்வியாளர்களின் அமைப்புகளே வைத்திருந்த கொள்கை. அதை மீறித்தான் அவர் நடத்தினார். போரால் சில ஆண்டுகள் நின்று, 1946-ல் மறுபடி தொடங்கியது. 1972-ல் டைட்டில் நைன் சட்டம் வந்து, அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்கள் பால் பேதம் பார்க்கக்கூடாது என்றான பிறகுதான் பெண்கள் அணிகளுக்கு ஸ்காலர்ஷிப், பேருந்து, சம்பளம் வாங்கும் கோச் எல்லாம் மெல்ல மெல்ல வந்தன. பெண்களுக்கான தனி அமைப்பான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. முதலில் போட்டிகளை நடத்தியது, 1982-லிருந்து கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. எடுத்துக்கொண்டது.

அந்த முதல் தலைமுறைக் கோச்சுகளில் எனக்கு மிகவும் மரியாதை உள்ளவர் டேல் மக்நமாரா. 1974-ல் ஓக்லஹோமாவின் டல்சா பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய நான்சி லோபஸ் ஆடியது அவரிடம்தான். 1982-ல் முதல் என்.சி.ஏ.ஏ. அணிப் பட்டத்தை டல்சா வென்றது. 1988-ல் மறுபடியும் வென்றபோது, தனிநபர் பட்டத்தையும் சேர்த்து எடுத்தவர் அவருடைய மகள் மெலிஸா. அந்த மெலிஸா எல்.பி.ஜி.ஏ.வில் ஆடிவிட்டு அம்மாவின் வழியிலேயே கோச் ஆனார். மெலிஸா லூயலன் என்ற பெயரில் 2009-ல் அரிஸோனா ஸ்டேட் அணியைத் தேசியப் பட்டத்துக்குக் கொண்டுபோனார்.

அரிஸோனா ஸ்டேட் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் ஒருவர் எப்படி உருவாகிறார் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே லிண்டா வோல்ஸ்டெட் 1980 முதல் 2001 வரை கோச். 1990, 1993, 1994, 1995, 1997, 1998 என்று ஆறு தேசியப் பட்டங்கள். அவருடைய முதல் பட்ட அணியில், 1990-ல், மிஸ்ஸி ஃபார் என்ற பெண் ஆடினார். அவருடைய அக்கா ஹெதர் ஃபார் எல்.பி.ஜி.ஏ. ஆட்டக்காரி, மார்பகப் புற்றுநோயால் 1993-ல் 28 வயதில் இறந்துவிட்டார். மிஸ்ஸி பின்னாளில் தான் படித்த அணிக்கே அசிஸ்டன்ட் கோச்சாகத் திரும்பினார். 2009-ல் லூயலன் பட்டம் வென்றபோது பக்கத்தில் நின்ற அசிஸ்டன்ட் இவர்தான். 2015-ல் லூயலன் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் மிஸ்ஸி ஃபார்-கே தலைமைக் கோச் ஆனார். அக்காவைக் கொண்டுபோன அதே நோய் இவரையும் தாக்கியது, ஒருமுறை அல்ல. சிகிச்சை எடுத்துக்கொண்டு அணியையும் நடத்தினார். 2017-ல் நார்த்வெஸ்டர்ன் அணியைத் தோற்கடித்து அரிஸோனா ஸ்டேட் பட்டம் வென்றது. ஆட்டக்காரியாக, அசிஸ்டன்ட்டாக, தலைமைக் கோச்சாக, ஒரே பல்கலைக்கழகத்துக்கு மூன்று பட்டங்கள். நடுவில் எத்தனையோ வருடம் இரண்டாம் இடத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர் அவர். உங்கள் மகள் இதைக் கவனிக்க வேண்டும்: தலைமைக் கோச் பதவி அவசரப்படுகிறவர்களுக்குக் கிடைத்தாலும் நிலைப்பதில்லை.

பொறுமை என்று சும்மா சொல்லவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் டான் ப்ரூக்ஸ் 1984-ல் சேர்ந்தார். முதல் தேசியப் பட்டம் 1999-ல். அதன் பிறகு 2002, தொடர்ச்சியாக 2005, 2006, 2007, பின்னர் 2014, 2019 என மொத்தம் ஏழு. முதல் பதினைந்து வருடத்தில் அவரை மாற்றியிருந்தால் மிச்சம் எதுவும் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மேரி லூ மல்ஃப்ளர், தான் ஆடிய அணிக்கே 1983-ல் கோச் ஆனவர். பட்டம் 2016-ல், 33 வருடம் கழித்து. 2017 இறுதியில் அரிஸோனா ஸ்டேட்டிடம் தோற்றது நார்த்வெஸ்டர்ன் என்றேனே, அதன் கோச் எமிலி ஃப்ளெச்சர். 2008-லிருந்து அங்கே இருக்கிறார். சிகாகோவை ஒட்டிய ஊர், குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும், மாதக்கணக்கில் உள்ளரங்கில்தான் பயிற்சி. ஃப்ளோரிடாவும் அரிஸோனாவும் வெயிலைக் காட்டி ஆட்டக்காரிகளை இழுக்கும்போது அங்கே அணி கட்டுவது லேசான காரியம் இல்லை. 2025 மே மாதம் கலிஃபோர்னியாவின் லா கோஸ்டாவில் நடந்த இறுதியில் நார்த்வெஸ்டர்ன் ஸ்டான்ஃபோர்டை 3-2 என்று வென்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

இனி இந்த வேலையின் பாதி நேரத்தைத் தின்னும் விஷயத்துக்கு வருகிறேன்: ரெக்ரூட்டிங், அதாவது பள்ளிப் பெண்களைத் தேடிப் பிடித்து அணிக்குக் கொண்டுவருவது. கோடைகாலம் முழுக்க ஏ.ஜே.ஜி.ஏ. போன்ற ஜூனியர் போட்டிகளில் கோச்சுகள் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட சட்டையோடு வெயிலில் நடந்துகொண்டிருப்பார்கள். முதல் டிவிஷன் விதிப்படி, ஒரு பெண் பத்தாம் வகுப்பை முடித்த பின் வரும் ஜூன் 15 வரை கோச் அவளோடு ஆள்சேர்ப்பு பற்றிப் பேசவே கூடாது. அதற்குப் பின் ஆகஸ்ட் 1 முதல் அவளைக் கல்லூரிக்கு அழைத்துச் சுற்றிக்காட்டலாம். ஜூன் 15 பிறந்த நிமிடமே நல்ல ஆட்டக்காரிகளின் ஃபோனுக்குச் செய்திகள் வந்து குவியும். அதற்கு முன் எல்லாம் பார்வை மட்டும்தான்.

அந்தப் பார்வையில் ஸ்கோர் சின்னப் பங்குதான். ஸ்கோரும் தரவரிசையும் இணையத்திலேயே கிடைக்கிறதே, அதற்காக யாரும் விமானம் ஏறுவதில்லை. மோசமான ஷாட்டுக்குப் பிறகு அடுத்த நூறு கஜம் எப்படி நடக்கிறாள்? கூட ஆடுகிறவள் நல்ல ஷாட் அடித்தால் பாராட்டுகிறாளா? ரவுண்ட் முடிந்ததும் அப்பாவிடம் எப்படிப் பேசுகிறாள்? அப்பா அவளிடம் எப்படிப் பேசுகிறார்? இதைத்தான் பார்க்கிறார்கள். நம் ஊர்ப் பெற்றோர்கள் இதைப் படித்தால் நல்லது. 76 அடித்த பிள்ளையைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துத் திட்டுகிற தந்தையைப் பார்த்துவிட்டு, பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுகிற கோச்சுகள் உண்டு. நான்கு வருடம் அந்தக் குடும்பத்தோடு தொலைபேசியில் பேசப்போவது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ரெக்ரூட்டிங் என்பது உலகம் முழுக்கப் பரந்தது. ஸ்வீடன், ஸ்பெயின், தாய்லாந்து, கொரியா என்று எங்கிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அன்னிகா சோரன்ஸ்டாம் ஸ்வீடனிலிருந்து அரிஸோனா பல்கலைக்கழகத்துக்கு வந்து 1991-ல் என்.சி.ஏ.ஏ. தனிநபர் பட்டம் வென்றவர். மெக்சிகோவின் லொரேனா ஓச்சோவா அதே அணிக்குப் பின்னாளில் வந்தார். ஸ்டான்ஃபோர்டின் கோச் ஆன் வாக்கரே ஸ்காட்லாந்திலிருந்து பெர்க்லிக்கு ஆட வந்த மாணவிதான். யு.சி. டேவிஸ் என்ற சிறிய அணியில் தலைமைக் கோச்சாக இருந்துவிட்டு 2012-ல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். 2015, 2022, 2024 என்று மூன்று பட்டம் வாங்கினார். 2022, 2023 இரண்டு ஆண்டும் தனிநபர் பட்டம் வென்று, அப்படி இருமுறை வென்ற முதல் பெண்ணான ரோஸ் ஜாங் அவருடைய அணி. 2025-ல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டம் வென்ற மேகா கன்னே, இந்திய வம்சாவளிப் பெண், அவரும் அங்கேதான் ஆடினார். வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் பெண்ணின் தனிமையை வாக்கருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2015-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆண்டுதான் அணிப் பட்டத்தை மேட்ச் ப்ளேயில், அதாவது இருவர் நேருக்கு நேர் ஆடி யார் அதிக ஹோல் வென்றார் என்று எண்ணும் முறையில், தீர்மானிக்கத் தொடங்கினார்கள். இப்போதைய முறையில் ஆறு பிராந்தியப் போட்டிகளிலிருந்து 30 அணிகள் தேசியப் போட்டிக்கு வரும். மூன்று ரவுண்டுக்குப் பிறகு 15 அணிகள் மிஞ்சும், நான்காவது ரவுண்டுக்குப் பிறகு முதல் எட்டு அணிகள் நேருக்கு நேர் மோதும், ஐந்து ஆட்டத்தில் மூன்றை வென்ற அணிக்கு வெற்றி. முதல் ஆண்டு இறுதியில் ஸ்டான்ஃபோர்டும் பேலரும். கடைசி ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டின் மரையா ஸ்டாக்ஹவுஸ் இரண்டு ஹோல் மிச்சம் இருக்கும்போது இரண்டு ஹோல் பின்தங்கியிருந்தார். இரண்டையும் வென்று சமன் செய்து, 19-வது ஹோலில் ஆட்டத்தை முடித்தார். 2018-ல் அரிஸோனாவின் கதை இன்னும் மயிரிழை. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளேயின் கடைசி ஹோலில் பியாங்கா பக்டங்கனன் ஈகிள் (பாரைவிட இரண்டு அடி குறைவு) போட்டதால்தான் அந்த அணிக்கு எட்டாம் இடத்துக்கான ப்ளே-ஆஃப் கிடைத்தது. அங்கிருந்து பட்டம்வரை போய்விட்டார்கள். அந்த அணியின் கோச் லாரா இயனெல்லோ, 2000-ல் அரிஸோனா பட்டம் வென்றபோது அதே அணியில் ஆடியவர்.

முன்பு நான்கு நாள் சராசரியில் சிறந்த அணி ஜெயித்தது. இப்போது ஒரு வருட உழைப்பு ஒரு பிற்பகலில் ஒரு பட்டில் தீர்ந்துவிடும். பார்ப்பவர்களுக்கு இது நல்லது, தொலைக்காட்சி வந்தது, ஆட்டம் வளர்ந்தது. கோச்சின் வேலை ஆண்டறிக்கையில் ஒரு வரியில் அளக்கப்படும்போது இது கொடுமையாகவும் இருக்கிறது. ஆனாலும் மாற்றம் சரி என்றே நான் நினைக்கிறேன். பெண்கள் கல்லூரி கோல்ஃபை இவ்வளவு பேர் பார்ப்பது இதற்கு முன் நடந்ததில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெரிய கான்ஃபரன்ஸ்களில் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகள்) இருக்கும் தலைமைக் கோச்சுக்கு நல்ல ஐ.டி. வேலைக்கு நிகரான, சில இடங்களில் அதற்கும் மேலான சம்பளம். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அங்கே கோச் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியையும் பார்த்துக்கொண்டு கூடவே இன்னொரு அலுவலகப் பொறுப்பும் செய்வார். அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் பொதுவில் வெளியிடுகின்றன. டெக்சாஸிலும் கிடைக்கும். உங்கள் மகளின் கனவு அணிகள் பத்தை எடுத்து, தலைமைக் கோச்சுக்கும் அசிஸ்டன்ட்டுக்கும் என்ன கொடுக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். அசிஸ்டன்ட் சம்பளத்தைப் பார்த்து முதலில் அதிர்ச்சியாக இருக்கும். முதல் ஐந்தாறு வருடம் அப்படித்தான். கோடைக்கால முகாம் நடத்தினால் கொஞ்சம் சேரும்.

2025-ல் இந்த உலகமே இடம் மாறியது. அதுவரை முதல் டிவிஷன் பெண்கள் கோல்ஃப் அணிக்கு ஆறு முழு ஸ்காலர்ஷிப்தான் வரம்பு, அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதே கோச்சின் கணக்கு வழக்கு. கல்லூரி ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கில் அந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றம் ஏற்ற தீர்வின்படி, அதில் இணைந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு ஒன்பது பேர் என்ற வரம்பு வந்தது. பணம் இருந்தால் ஒன்பது பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம். ஆனால் அதே தீர்வின்படி ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. வருமானம் தராத விளையாட்டுகளின் கோச்சுகள் எல்லோரும் கவலையில் இருக்கிறார்கள். 2020-ல் ஸ்டான்ஃபோர்டு மாதிரிப் பணக்காரப் பல்கலைக்கழகமே 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு மறு ஆண்டு அதைத் திரும்பப் பெற்றது. கோல்ஃப் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் அந்த நடுக்கம் எல்லோருக்கும் புரிந்தது. ஆகவே இன்றைய கோச் நன்கொடையாளர்களோடு பேசவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். முன்னாள் ஆட்டக்காரிகளை அணியோடு ஒட்டவைத்திருப்பதும், அவர்களை வைத்து நிதி திரட்டும் போட்டி நடத்துவதும் இப்போது வேலையின் ஒரு பகுதி.

இதோடு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் தளம். இரண்டு வருடம் வளர்த்த பெண் ஒரு கோடையில் வேறு அணிக்குப் போய்விடலாம். நான் முன்னே சொன்ன ஆறாவது பெண்ணுக்கு இப்போது கதவு திறந்தே இருக்கிறது. முன்பெல்லாம் அவளிடம் சரியாகப் பேசாத கோச்சுக்குக் கிடைத்த தண்டனை ஒரு வாடிய முகம். இப்போது ஒரு காலி இடம்.

பெண்ணாக இந்தத் தொழிலில் இருப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டைட்டில் நைன் வந்த 1972-ல் பெண்கள் கல்லூரி அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண் கோச்சுகள்தான். சம்பளமும் மதிப்பும் ஏற ஏற ஆண்கள் வந்து, அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கோல்ஃப் இதில் ஓரளவு நல்ல விதிவிலக்கு, குறிப்பாகப் பெரிய கான்ஃபரன்ஸ்களில் இன்னும் பெண்களே அதிகம் தலைமையில் இருக்கிறார்கள். ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம்வரை, பிறகு பிப்ரவரி முதல் மே கடைசிவரை, வாரம் விட்டு வாரம் பயணம். கோடையில் ரெக்ரூட்டிங் பயணம். விதிப்படி மாணவிகளுக்குச் சீசனில் வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி, ஒரு நாள் கட்டாய ஓய்வு. கோச்சுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போட்டிக்கு வந்த பெண் கோச்சுகளைப் பார்த்திருக்கிறேன். அம்மாவையோ கணவரையோ கூட அனுப்பச் சில பல்கலைக்கழகங்கள் உதவுகின்றன, பல உதவுவதில்லை. வேலைக்குப் பேசும்போதே இதைக் கேட்பதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும்.

எப்படி நுழைவது? கோச் ஆக ஒரு குறிப்பிட்ட பட்டம் வேண்டும் என்று கட்டாயமில்லை, ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். கல்லூரி அணியில் ஆடிய அனுபவம் பெரிய மூலதனம், அது உங்கள் மகளிடம் ஏற்கனவே இருக்கிறது. வழக்கமான முதல் படி கிராஜுவேட் அசிஸ்டன்ட். ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு உதவுவது, படிப்புச் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டு கொஞ்சம் கைச்செலவும் கொடுப்பார்கள். வேன் ஓட்டுவது, ஹோட்டல் பதிவு, சாப்பாட்டுக் கணக்கு, பயிற்சி மணி நேரப் பதிவேடு, மழை பெய்தால் புதுத் திட்டம் எல்லாம் அவள் தலையில்தான் விழும். அதிலேயே தொழிலின் முக்கால்வாசி கற்றுக்கொள்ளலாம். அப்புறம் அசிஸ்டன்ட். அதன் பிறகு என் யோசனை: பெரிய அணியில் அசிஸ்டன்ட்டாகவே பத்து வருடம் கழிப்பதைவிட, இரண்டாம் டிவிஷனிலோ சிறிய முதல் டிவிஷன் அணியிலோ தலைமைப் பொறுப்பு கிடைத்தால் போய்விட வேண்டும். ஃபார்-கே மாதிரிக் காத்திருந்து ஜெயித்தவர்கள் உண்டு, ஆனால் அவர் காத்திருந்தது தன் சொந்த அணியில். அந்தப் பிடிப்பு இல்லாத இடத்தில், சின்ன அணியாக இருந்தாலும் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நேரடியாகத் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் வாக்கருக்குக் கிடைத்த மாதிரி வாய்ப்பு வருகிறது. முதல் டிவிஷனில் மட்டுமே 250-க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. கீழே இன்னும் நிறைய.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோர்களுக்காக: பிள்ளை எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால், படிப்புக்குப் பின் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. காலத்தில் கோச் வேலை பார்ப்பதற்கு, அது படித்த துறையோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். விளையாட்டு மேலாண்மை, உடற்செயலியல் படித்தவர்களுக்கு இது எளிது. ஹெச்-1பி-க்குப் பல்கலைக்கழகங்கள் லாட்டரியில் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் கோச் பதவிக்கு ஒரு குறிப்பிட்ட துறைப் பட்டம் அவசியம் என்று குடியேற்றத் துறையிடம் நிரூபிப்பது கடினம். முதல் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் அணியில் இருக்கிறது. அவள் இப்போதே தன் கோச்சிடம் போய், தான் இந்தத் தொழிலுக்கு வர விரும்புவதாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கோச்சுகள் சந்தோஷப்பட்டு, ஒரு பயணத்தின் வரவுசெலவுத் திட்டத்தையோ ஒரு போட்டிக்கான ஹோல் குறிப்புகளையோ தயாரிக்கக் கொடுப்பார்கள். தான் ஆடாத வாரங்களில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பார்க்கட்டும். கோடையில் ஜூனியர் முகாமில் வேலை செய்யட்டும். பெண்கள் கோல்ஃப் கோச்சுகள் சங்கமான டபிள்யூ.ஜி.சி.ஏ.வின் அறிவிப்புகளையும், என்.சி.ஏ.ஏ.வின் வேலைவாய்ப்புத் தளத்தையும் பார்க்கத் தொடங்கட்டும். மே கடைசியில் தேசியப் போட்டி முடிந்ததும் ஒரு தலைமைக் கோச் நகர்ந்தால் அவருக்குக் கீழே இரண்டு மூன்று இடங்கள் நகரும். ஜூன், ஜூலையில் எல்லாம் வேகமாக நிரம்பிவிடும். ஆகவே கடைசி ஆண்டின் மார்ச் மாதத்துக்குள் அவளுடைய ரெஸ்யூமே தயாராக இருக்கட்டும். பரிந்துரைக்குத் தன் கோச்சின் பெயரோடு, எதிரணிக் கோச் ஒருவருடைய பெயரையும் அவள் வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.